ஈமக்கடன் முடிந்தபின் திரும்பியோர்

ஜவ்வாது மலைமேலுள்ள ஜமுனாமரத்தூரில் அண்மையில் மூன்று நாள்கள் தங்கியிருந்தோம். போளூர்ப் பக்கமிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் செல்லும் பேருந்தில், ஒரு துணிப்பை நிறைய நூல்களை எடுத்துக்கொண்டு போனோம். போர் முடிந்த இலங்கையில் 'நாம் அனைவரும் ஒரே நாட்டு மக்கள்' என்னும் உணர்வை உண்டாக்க நடந்த முயற்சிகளைப் பற்றி எழுதித் தருமாறு நண்பர்கள் கேட்டிருந்தனர். ஊரில் இருந்தால் வருவோரும் போவோருமாகப் படிப்பு ஓடாது என்றெண்ணியே மலைக்குச் சென்றோம். சாமைச் சோறும் மலைத்தேனும் மாலைக் குளிருமாக நாள்கள் இனிதே கழிந்தன. படிப்பும் ஓடிற்று.

இம்மலையைப் பலர் காவலூர் வானாய்வகத்தை முன்னிட்டே அறிவர். 1986 இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்ற பெரிய தொலைநோக்கி அங்கே இருக்கிறது. விண்மீன்களைக் காண வந்தோர் இம்மலையின் மக்களைக் கண்டு செல்வதில்லை. 'மலையாளிகள்' என்று அரசு ஏடுகளில் குறிக்கப்பெறும் இம்மக்களுக்கும் கேரளத்திற்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்பதே பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்கின்றனர். அவ்வருகையைப் பற்றிய கதையொன்று வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, அதிலிருந்து தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய பெருந்தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. நாம் எடுத்துச் சென்ற இலங்கை நூல்கள் எவற்றையும்விட இக்கதையே நம்மை உறங்கவிடாமல் செய்தது என்றால் மிகையன்று.

கதை இதுதான். கி.பி. 1132 ஆம் ஆண்டளவில், கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினங்கொண்ட வேடர்கள் ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றுவிட்டனர். அவர்களை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். புறப்படுமுன் தம் மனைவியரிடம், 'நாய்கள் மட்டும் தனித்துத் திரும்பினால் நாங்கள் மாண்டோம் என்றறிந்து ஈமக்கடனைச் செய்துவிடுங்கள்' என்று சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் அரும்பாடுபட்டுக் கரையேறினர். நாய்களோ நடு ஆற்றில் திரும்பிக் காஞ்சிக்கே வந்துவிட்டன. வேளாளர் எழுவரும் கங்குந்தி சென்று, பெண்களைக் கொண்டுபோனவர்களைக் கொன்று ஊர் திரும்பினர். திரும்பியபோது அவர்தம் மனைவியர் கைம்பெண்களாக இருந்தனர். ஈமக்கடன் முடிந்துவிட்டது. செத்தவர் பட்டியலில் சேர்ந்துவிட்டவர்க்குச் சாதியில் இடமேது? எழுவரும் வேடர்குலப் பெண்களையே மணந்து, ஜவ்வாது மலையேறி உழவு செய்து வாழ்ந்தனராம். அவர்தம் வழிவந்தோரே இம்மலைக் குடியினர் என்று கதை முடிகிறது.

வரலாறு என்று இதனை எவரும் கொள்ளவேண்டியதில்லை. குடிப்பிறப்புக் கதைகள் பெரும்பாலும் பின்னால் கட்டப்பட்டவையே. ஆயினும் கதை கட்டியவர் ஓர் உண்மையை நன்கறிந்திருந்தார். சண்டை முடிந்து வீடு திரும்புவது வேறு, வீட்டார் ஏற்றுக்கொள்வது வேறு. முன்னதற்குக் காலும் துணிவும் போதும். பின்னதற்கு, நம் பெயரை ஏட்டிலிருந்து அடித்தவர்கள் அதனைத் திரும்ப எழுதவேண்டும்.

வட இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை நினைக்காமல் இக்கதையைப் படிக்க நம்மால் இயலவில்லை.

1990 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30 ஆம் நாள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கி அறிவிப்பு. முஸ்லிம்கள் மைதானத்திற்கு வரவேண்டும் என்றார்கள். வந்தவர்களிடம் இரண்டு மணி நேரத்திற்குள் ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்றார்கள். கையில் கொண்டுபோகத் தலைக்கு 150 ரூபாயும் சில உடுப்புகளுமே விடப்பட்டன. சாவகச்சேரியிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் அதே அக்டோபரில் இதே கதைதான். ஏறத்தாழ 75,000 மக்கள் இரண்டு வாரத்திற்குள் வடமாகாணத்திலிருந்து துடைத்தெடுக்கப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்துத் தென்னந்தோப்புகளில் ஓலைக் குடிசை போட்டனர். வீட்டுமொழி தமிழ், பள்ளிக்கூடத்து மொழி தமிழ், வியாபாரமும் பகையும் நட்பும் தமிழில். அம்மக்களுக்கு வெளியேறும் கட்டளையும் தமிழிலேயே வந்தது.

நம் தமிழகத்து வாசகர் கொழும்புக்குச் சென்று திரும்பினால் தவறாமல் ஒரு வியப்பைச் சொல்வார். 'அவர்கள் நம்மைவிட நல்ல தமிழ் பேசுகிறார்கள். ஆனால், நீங்கள் தமிழர்தாமே என்றால் இல்லை, நாங்கள் முஸ்லிம்கள் என்கிறார்கள்!' இவ்வியப்பில் சிறிது குற்றச்சாட்டும் கலந்திருக்கும். தமிழையும் இஸ்லாத்தையும் இரு கண்களாகக் கருதி வளர்ந்த நமக்கு அவ்விடை உறுத்தத்தான் செய்யும். உறுத்தலோடு நின்றுவிடாமல், அவ்விடை எப்படிப் பிறந்தது என்று பார்ப்பதே திறனாய்வாளன் கடமை.

1888 ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பில் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே வேறானவர் என்பது அதன் சாரம். மொழி, பழக்கவழக்கம், திருமணச் சடங்கு எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டினார். கட்டுரையில் உழைப்பு உண்டு. சான்றுகளில் பலவற்றை இன்றைக்கும் எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் அது படிக்கப்பட்ட காலத்தைக் கவனிக்கவேண்டும். சட்ட நிரூபண சபையில் சோனகருக்கென்று தனி உறுப்பினர் வேண்டுமா என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது. நீங்களும் நாங்களும் ஒன்றே என்று ஏற்றுக்கொண்டால், தனி நாற்காலி எதற்கு என்ற கேள்வி தானே வந்து நிற்கும். 1889 இல் சோனகர்க்கு நாற்காலி கிடைத்தது. கட்டுரை மட்டும் மறக்கப்படவில்லை.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1907 இல், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். தம் நூலின் தலைப்பிலேயே அதனைத் திறனாய்வு என்று குறித்தார். மொழியால் இனம் முடிவாகாது, வணிகர் தாம் வாணிகம் செய்த நிலத்தின் மொழியை ஏற்பது இயல்பு, சோனகரின் வேர் அரபு நாட்டில் உள்ளது என்பது அவர் வாதம். மொழி பற்றிய பகுதி வலுவானது. வம்சாவளி பற்றிய பகுதி அவ்வளவு வலுவானதன்று. கடல் கடந்து வந்த ஆடவர் தம் மனைவியரையும் மரக்கலத்தில் ஏற்றிக்கொண்டா வந்தார்கள்? உம்மாவின் வழி எங்கே போயிற்று? இவ்வினாவை இராமநாதனும் சரியாகக் கேட்கவில்லை, அஸீஸும் நேராகச் சந்திக்கவில்லை. இருவரும் இரத்தத்தைப் பற்றி வழக்காடினர். வழக்கோ நாற்காலியைப் பற்றியது.

ஆயினும் அஸீஸின் ஐயம் வீண்போகவில்லை. 1915 இல் சிங்களர்–முஸ்லிம் கலவரம் மூண்டது. முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆங்கிலேயர் படைச்சட்டம் பிறப்பித்துக் கண்மூடித்தனமாக ஒடுக்கினர். அவ்வொடுக்குமுறையை எதிர்த்து இலண்டன் வரை சென்று வழக்காடிய இராமநாதன், சிங்களத் தலைவர்களின் காவலராகத் திரும்பினார். அந்த ஒடுக்குமுறை கண்டிக்கத்தக்கதே. ஆனால், சகோதரரே என்று 1888 இல் அழைத்தவர், கடை எரிந்த சகோதரனைப் பற்றி அவ்வளவு உரக்கப் பேசவில்லை என்பதை முஸ்லிம்கள் மனத்தில் குறித்துக்கொண்டனர். 'நாங்கள் முஸ்லிம்கள்' என்னும் விடை அந்த ஆண்டுகளில் இறுகியது. 1990 இல் அது கல்லாயிற்று. நீர் தமிழரே என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லப்பட்டது, நீர் தமிழரல்லர், புறப்படும் என்று இன்னொரு தலைமுறைக்குச் சொல்லப்பட்டது. இரண்டு முறையும் முடிவு செய்தவர் முஸ்லிம் அல்லர்.

இனி மூன்றாவது அறிவிப்பிற்கு வருவோம். 2009 மே 19 அன்று, போர் முடிந்த மறுநாள், இலங்கைப் பாராளுமன்றத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் மகிந்த ராஜபக்ச உரையாற்றினார். உரையின் ஒரு பகுதியைத் தமிழில் பேசினார். சிறுபான்மையினர் என்ற சொல்லையே அகராதியிலிருந்து நீக்கிவிட்டோம் என்றும், இனி இந்நாட்டில் இருவகை மக்களே உளர், நாட்டை நேசிப்போரும் நேசியாதோருமே என்றும் கருத்துப்பட மொழிந்தார். முதல் வாசிப்பில் உயர்ந்த பேச்சாகத் தோன்றும். சிங்களவர், தமிழர், முஸ்லிம், மலையகத்தார் என்ற நான்கை அழித்து, நேசிப்போர், நேசியாதோர் என்ற இரண்டை அது வைக்கிறது. நான்கில் எது நம்முடையது என்று நமக்கே தெரியும். இரண்டில் எது நம்முடையது என்பதை யார் தீர்மானிப்பார்? பிளவு ஒழியவில்லை, அளவுகோல் மட்டும் ஆட்சியாளர் கைக்கு மாறிற்று. இனப்பெயரை நீக்குவதே தவறு என்று நாம் சொல்லவரவில்லை. ருவாண்டாவில் 1994 இல் அடையாள அட்டையில் இனப்பெயரைப் பார்த்துக் கொன்றார்கள். அதற்குப்பின் அட்டையிலிருந்து அப்பெயரை நீக்கியது உயிர்காக்கும் செயலே. ஆனால் சொல்லை நீக்கியவுடன் நினைவும் நீங்கிவிடும் என்று நம்புவது வேறு.

அந்நாட்டுத் தேசிய கீதத்தின் கதையும் இதற்குப் பொருந்தும். ஆனந்த சமரக்கோன் 1940 இல் இயற்றி, 1951 இல் நாட்டின் பாட்டாக ஏற்கப்பட்டது அது. பின்னாளில் முதற்சொற்கள் அமங்கலமானவை என்று சோதிடம் பேசி, ஆசிரியரின் சம்மதமின்றியே 1961 இல் அவற்றை மாற்றினார்கள். கவிஞனைக் கேட்காமல் பாட்டைத் திருத்தும் அரசு மக்களைக் கேட்காமல் எதையும் திருத்தும். போகட்டும். பண்டிதர் மு. நல்லதம்பி அதனை அதே மெட்டில் தமிழாக்கினார். 1978 அரசியலமைப்பின் தமிழ்ப் படியிலும் அத்தமிழ் வடிவம் இடம்பெற்றுள்ளது. 2011 இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்திற்குமான ஆணைக்குழுவின் அறிக்கை, இருமொழிகளிலும் ஒரே மெட்டில் பாடும் வழக்கம் தொடரவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2016 பிப்ரவரி 4 அன்று சுதந்திர நாள் விழாவில் தமிழில் பாடப்பட்டது. 1949 க்குப்பின் முதன்முறை என்று அனைவரும் மகிழ்ந்தனர். 2020 இல் ஆட்சி மாறியதும் அதே விழாவில் சிங்களம் மட்டுமே ஒலித்தது. தென்னாப்பிரிக்காவில் 1997 முதல் ஒரே பாட்டில் ஐந்து மொழிகள். கோசா, சூலு, செசோத்தோ மொழிகளோடு, அடக்கியாண்டவரின் ஆப்பிரிக்கான்சும் ஆங்கிலமும் அதில் உண்டு. அந்நாட்டில் எல்லாத் துயரமும் தீர்ந்துவிட்டதென்று எவரும் சொல்லார். ஆயினும், ஓர் ஆட்சி தந்ததை மறு ஆட்சி பறிக்கும் பொருளாக அவர்கள் பாட்டை வைக்கவில்லை.

தமிழில் பாடும் உரிமை பறிபோன அதே 2020 இல்தான் இன்னொன்றும் நடந்தது. கொரோனாவால் மாண்டோர் அனைவரையும் எரிக்கவேண்டும் என்று இலங்கை அரசு கட்டளையிட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறியிருந்தும், 2021 பிப்ரவரி இறுதி வரை ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபதே நாளான பச்சிளங்குழந்தையும் தப்பவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரிற்று. ஜமுனாமரத்தூர்க் கதையில் உயிரோடிருந்தவர்க்கு ஈமக்கடன் செய்தார்கள். இங்கே இறந்தவர்க்கு அவர்தம் ஈமக்கடனை மறுத்தார்கள். இரண்டிலும், ஒருவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பது சாவின் வாசலில்தான் தீர்மானமாகிறது.

இதுவரை அரசியலார் எழுத்தைப் பார்த்தோம். இலக்கியம் என்ன செய்தது?

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்துயரத்தைப் பற்றித் தமிழில் எழுந்த கவிதைகளுள் மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது எது என்று கேட்டால், யாழ்ப்பாணத்தார் தயங்காமல் சொல்வது 'புத்தரின் படுகொலை.' எழுதியவர் எம்.ஏ. நுஃமான். கல்முனைக்குடியில் பிறந்த முஸ்லிம்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ந்து கற்பித்தவர். தமிழரின் நூலகம் எரிந்தபோது, அது தன் நூலகம் என்றெண்ணி அழுத எழுத்து அது. ஒரு முஸ்லிம் தமிழனா அல்லனா என்ற வழக்கு அக்கவிதையின் வாசலுக்கே வரவில்லை. கூட்டு அடையாளம் என்பது ஏதேனும் இருக்குமானால் அது இவ்வாறு, ஒருவர் இழப்பை மற்றவர் தம் கணக்கில் எழுதிக்கொள்வதில்தான் பிறக்கும்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே நூலகத்திற்கு நடந்துபோகும் தொலைவிலிருந்த சோனகத் தெரு காலியாயிற்று. எரிந்த நூலகத்திற்கு எழுந்த அழுகுரலுக்கு ஈடான ஒரு குரல் அன்று யாழ்ப்பாணத்திலிருந்து எழவில்லை. அச்சமே முதற்காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். 'முறிந்த பனை' எழுதிய ஆசிரியர்களுள் ஒருவரான மருத்துவர் ரஜனி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் தொடங்கிய மனித உரிமைப் பணியைத் தொடர்ந்த பல்கலைக்கழக ஆசிரியர்கள் தலைமறைவாக இருந்துகொண்டே வெளியேற்றத்தைப் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு நம் சமுதாயம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அச்சம் நீங்கிய நாள்களிலும், கடல்கடந்த நாடுகளில் அச்சமின்றி இதழ்கள் நடத்திய இடங்களிலும் வெகுசிலரே இது பற்றி எழுதினர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் கூட்டத்தில் புலிகளின் தலைமை அது தவறென்றும், முஸ்லிம்கள் திரும்பலாமென்றும் கூறியது. அரசியல் நாவு ஒரு வாக்கியம் சொல்லி முடித்துக்கொண்டது. அந்த வாக்கியத்தை விரித்து எழுதியிருக்கவேண்டியது இலக்கியம்.

எப்படி எழுதியிருக்கலாம் என்பதற்கு நம் கண்முன் ஒரு சான்று உண்டு. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு.' 1977 இல் வெளிவந்த இந்நாவல் நம் வீடுகளில் போதிய அளவு படிக்கப்படவில்லை என்பது நம் குறை. நிகழ்களம் நிஜாமின் ஐதராபாத்து, காலம் 1947–48. சிகந்தராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்னும் தமிழ்ப் பிராமண மாணவனுக்குக் கிரிக்கெட்டே உலகம். முஸ்லிம் அண்டைவீட்டாரோடு உரசல், ரஜாக்கர்களைப் பற்றிய அச்சம், கல்லூரி வேலைநிறுத்தம், இந்திய யூனியனில் சேரவேண்டும் என்ற ஆவேசம் எல்லாம் அவனுக்கு உண்டு. 1948 செப்டம்பர் 13 இல் இந்தியப் படை நுழைகிறது. 17 இல் நிஜாம் பணிகிறார். வேறு எழுத்தாளராயின் கொடியேற்றத்தோடு நாவலை முடித்திருப்பார். அசோகமித்திரன் முடிக்கவில்லை. வெற்றிக்குப்பின் நகரில் முஸ்லிம்கள் மீது வன்முறை பாய்கிறது. ஓர் இரவில் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் புகநேர்கிறது. அங்கே நடுங்கிக்கொண்டிருக்கும் முஸ்லிம் குடும்பத்திலிருந்து ஒரு சிறுபெண் எழுந்து வருகிறாள். தன் வீட்டாரைக் காப்பாற்ற அவள் எதனை அவனுக்குக் கொடுக்க முன்வருகிறாள் என்பதைக் குடும்பத்தார் கூடிப் படிக்கும் பக்கங்களில் விரிக்க நாம் விரும்பவில்லை. அவன் ஓடுகிறான். தன்னைக் கண்டு ஓர் உயிர் அவ்வாறு அஞ்சியது என்ற கேவலம் தாங்காமல் ஓடுகிறான். நாவல் அங்கே நிற்கிறது.

வென்ற தரப்பைச் சேர்ந்த எழுத்தாளர், வென்ற தரப்பின் இளைஞனைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதியது சிறு செயலன்று. அரசு நியமித்த பண்டித சுந்தர்லால் குழு, அந்நாள்களில் சமஸ்தானத்தில் கொல்லப்பட்டோர் குறைந்தது 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று கணித்தது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பெட்டியிலேயே கிடந்தது. ரஜாக்கர்கள் அதற்கு முன் இந்துக்களுக்கு இழைத்த கொடுமைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நாவல் அவற்றையும் மறைக்கவில்லை. அரசின் அறிக்கை பூட்டப்பட்டிருந்த காலத்தில், ஒரு தமிழ் நாவல் அந்த வெட்கத்தைப் பொதுவில் வைத்தது.

குறையும் உண்டு. அச்சிறுபெண் சந்திரசேகரன் கண்திறப்பதற்காகவே வந்து போகிறாள். பின்பு அவள் என்ன ஆனாள், அவ்வீட்டார் பிழைத்தார்களா என்பதை நாவல் சொல்லவில்லை. அவன் ஓடிவிட்டான், அவள் ஓடுவதற்கு இடமில்லை. முஸ்லிம் வாசகருக்கு நாவல் முடியும் இடத்தில் கதை தொடங்குகிறது. அதனை எழுதவேண்டியவர் அசோகமித்திரன் அல்லர் என்று நாம் நினைக்கிறோம்.

இங்கே நம் பக்கத்தையும் புரட்டவேண்டும். 1990 ஆகஸ்டு 3 அன்று காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள்மீது இரு பள்ளிவாசல்களில் சுட்டனர்; நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த வாரமே ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்டோர். ஆண்டுதோறும் நாம் அதனை நினைவுகூர்கிறோம், நினைவுகூரவும் வேண்டும். ஆனால் ஏறாவூரில் இரத்தம் காயுமுன், ஆகஸ்டு 12 அன்று, அம்பாறை மாவட்டத்து வீரமுனையில், கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அரச படையினரோடு முஸ்லிம் ஊர்காவல் படையினரும் அதில் பங்குகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. வீரமுனையின் பெயரை நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? நம் சமுதாயக் கவிஞர்கள் எத்தனை பேர் அக்கோயில் வாசலில் நின்று எழுதியிருக்கின்றனர்? யாழ்ப்பாணத்தாரிடம் நாம் கேட்கும் கேள்வி இதுவே. அதே கேள்வி நம்மிடமும் வரும். அவர்கள் தொடங்கட்டும், பிறகு நாம் என்று இருபுறமும் காத்திருந்தே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

இவ்வாறு எழுதினால் பகைவருக்குச் சான்று கொடுத்ததாகாதா என்று நம் வாசகருள் சிலர் கேட்கக்கூடும். நாமும் இதைப் பலமுறை நமக்குள் கேட்டுக்கொண்டோம். ஐதராபாத்தைப் பற்றிய நாவலை வைத்து எவரும் தமிழ்ப் பிராமணர்களைப் பழித்ததாக நாம் அறியோம்; அதனைப் படித்த முஸ்லிம், எழுதியவரை நம்பத் தொடங்கினான் என்பதையே அறிவோம்.

2009 க்குப்பின் திரும்பினோர் நிலைக்கு வருவோம். போரின் இறுதியில் முகாம்களில் அடைபட்டோர் புதிய இடம்பெயர்ந்தோர் எனப்பட்டனர். 1990 இல் துரத்தப்பட்டோர் பழைய இடம்பெயர்ந்தோர் எனப்பட்டனர். உதவிகளில் முதலிடம் முன்னவர்க்கே. அதில் நியாயமும் இருந்தது. அவர்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. ஆயினும் பத்தொன்பது ஆண்டு காத்திருந்தவன் வரிசையின் கடைசிக்குப் போனான். ஊர் திரும்பிப் பார்த்தால் வீடு இடிந்து கிடந்தது, அல்லது அதில் வேறொருவர் குடியிருந்தார். முசலிப் பகுதியில் மக்கள் விட்டுச்சென்ற நிலம் காடாகி, காடானபின் அரசின் காப்புக்காடாகிவிட்டது. அதில் குடியேறச் சென்றவன் வில்பத்துக் காட்டை அழிப்பவன் என்று பழிக்கப்பட்டான். புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் வாப்பாவின் கதையில் வரும் ஊர். புத்தளத்தில் அவர்கள் 'அகதி'. யாழ்ப்பாணத்தில் அவர்கள் 'புத்தளத்தான்.' மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இக்கணக்குகளைப் பதிவுசெய்வதிலேயே செலவிட்டு 2018 இல் மறைந்தார். 2011 இல் மக்கள் ஆணைக்குழுவொன்று ஊர் ஊராகச் சென்று வாக்குமூலம் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. எண்களும் சாட்சியங்களும் ஆயத்தமாக இருக்கின்றன. சோனகத் தெருவில் ஒரு வீட்டுக்குள் அந்த அக்டோபர்க் காலையில் நுழையும் யாழ்ப்பாணத்து எழுத்தையும், வீரமுனைக் கோயிலுக்குள் நுழையும் காத்தான்குடி எழுத்தையும் எதிர்பார்த்திருக்கிறோம்.

மூன்றாம் நாள் மாலை, நாம் தங்கியிருந்த இடத்திற்குத் தேன் கொண்டுவந்த பெரியவரிடம் அந்த ஏழு வேளாளர் கதையைச் சொன்னோம். அவர் நிதானமாகக் கேட்டார். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பதைத் தம் பாட்டனார் சொல்லக் கேட்டதுண்டு என்றார். நாய்களைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். கதை முழுவதும் கேட்டுவிட்டு, 'அது சரி பாய், மீட்டுக்கிட்டு வந்தாங்களே, அந்தப் பொண்ணுங்க ஏழு பேரும் என்ன ஆனாங்க?' என்றார்.

தர்ஸ்டனின் தொகுப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அவர்களைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் அதில் இல்லை. வேடர்குலத்திலிருந்து வந்து, தம் உறவினரைக் கொன்றவர்களையே மணந்து இம்மலையேறிய அந்தப் பெண்களைப் பற்றியும் இல்லை. பெரியவர் தேன் புட்டிக்குரிய பணத்தை எண்ணி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்று சொல்லி எழுந்தார்.